தண்ணியா, மூத்திரமா? ஒரு கேள்வியின் எண்பது வருடக் கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. பி.இ. முடித்துவிட்டு இருபது வருடமாக சாப்ட்வேர் கம்பெனியில் குப்பை கொட்டுகிற ஆள். சனி, ஞாயிறுகளில் எதையாவது நோண்டிப் படித்து இங்கே எழுதி வைப்பது பழக்கம். இந்தத் தடவை நோண்டியது வழக்கமான கல்வெட்டோ மில் வரலாறோ இல்லை. பனிக்குடம் உடைந்ததா இல்லையா என்று மருத்துவம் எப்படிக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டது என்கிற கதை. இதற்கு ஒரு சொந்தக் காரணம் இருக்கிறது. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2011. சிங்காநல்லூரில் எங்கள் வீடு. என் மனைவிக்கு 33-வது வாரம். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பினாள்.

"ஏனுங், எனக்கென்னமோ ஒண்ணுக்குத் தானா போற மாதிரி இருக்குதுங். பெட்ஷீட் நனைஞ்சிருச்சு."

அம்மா எழுந்து வந்து பார்த்தார். "எட்டாம் மாசத்துல அப்படித்தான் கண்ணு இருக்கும். கொழந்த தலை மூத்திரப்பைய அழுத்துது. படுத்துத் தூங்கு" என்றார். வலி இல்லை, ரத்தம் இல்லை, குழந்தை அசைந்துகொண்டு இருந்தது. தூங்கிவிட்டோம். மறுநாள் நான் ஆபீஸ் போய்விட்டேன். சாயங்காலம் வந்தபோதும் ஈரம் நிற்கவில்லை. எட்டு மணிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டியூட்டி டாக்டர் ஒரு சின்னக் காகிதத் துண்டைத் தொட்டுப் பார்த்தார். அது மஞ்சளும் இல்லாமல் நீலமும் இல்லாமல் ஒரு மாதிரி பச்சையாக நின்றது. "தெளிவா சொல்ல முடியல. காலைல பெரிய டாக்டர் வரட்டும்" என்றார். காலை ஒன்பது மணிக்குப் பெரிய டாக்டர் வந்து ஸ்பெக்குலம் வைத்துப் பார்த்தவுடனே முகம் மாறிவிட்டது. உடனே ஊசி, ஆம்புலன்ஸ், பெரிய ஆஸ்பத்திரி.

ரெண்டு மணியிலிருந்து ஒன்பது மணி வரை, கணக்குப் போட்டால் முப்பத்தோரு மணி நேரம். பொண்ணு 34-வது வாரம் பிறந்தாள். 1.9 கிலோ. பதினோரு நாள் என்.ஐ.சி.யு. இப்போது ஒன்பதாவது படிக்கிறாள், நன்றாக இருக்கிறாள். ஆனால் அந்த முப்பத்தோரு மணி நேரம் எங்கள் வீட்டில் பேசப்படாத ஒரு விஷயமாகவே இருந்தது. போன தைப்பொங்கலுக்கு மனைவி திடீரென்று கேட்டாள்: "அன்னிக்கு ராத்திரியே போயிருந்தா தெரிஞ்சிருக்குமாங்க?"

அதற்குப் பதில் தேடித்தான் இவ்வளவும் படித்தேன்.

கேள்வி ஏன் கஷ்டமானது?

குழந்தையைச் சுற்றி ஒரு சவ்வுப் பை, அதற்குள் பனிநீர். பிரசவ வலி வரும் முன்பே அந்தப் பை உடைவது எல்லாக் கர்ப்பங்களிலும் நூற்றுக்கு எட்டுப் பத்துப் பேருக்கு நடக்கிறது. பெரும்பாலும் மாதம் நிறைந்த பிறகு. அதில் பெரிய ஆபத்து இல்லை. 37 வாரத்துக்கு முன்னால் உடைவது நூற்றுக்கு ரெண்டு மூன்று பேருக்கு. ஆனால் குறைமாதப் பிரசவங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இதிலிருந்துதான் வருகிறது.

சினிமாவில் காட்டுவது மாதிரி தண்ணீர் மொத்தமாகக் கொட்டினால் குழப்பமே இல்லை. யாரும் சோதனை செய்ய வேண்டியதில்லை. பிரச்சினை, பையில் மேலே எங்கோ சின்னதாக ஒரு கிழிசல் விழுந்து, சொட்டுச் சொட்டாக வருகிறபோது. எட்டாம் மாதத்தில் சிறுநீர் கசிவதும் சகஜம், வெள்ளைப்படுதல் அதிகமாவதும் சகஜம். மூன்றும் ஈரம்தான்.

தப்பாகச் சொன்னால் ரெண்டு பக்கமும் அடி. உடைந்ததை உடையவில்லை என்றால் கிருமி மேலே ஏறித் தாய்க்கும் பிள்ளைக்கும் தொற்று வரலாம், தொப்புள்கொடி கீழே இறங்கிவிடலாம். உடையாததை உடைந்துவிட்டது என்றால் தேவையே இல்லாமல் அட்மிஷன், ஆன்டிபயாடிக், சில சமயம் வலி வர வைத்து ஒரு நல்ல குழந்தையைக் குறைமாதத்தில் வெளியே எடுப்பது. எங்கள் தொழிலில் இதை ஃபால்ஸ் நெகட்டிவ், ஃபால்ஸ் பாசிட்டிவ் என்போம். எங்களுக்கு அது ஒரு டிக்கெட். இங்கே ஒரு உயிர்.

துணியும் மூக்கும்

என் அம்மா மில்லில் ரீலிங் டிபார்ட்மென்ட்டில் வேலை செய்தவர். எங்கள் பகுதிக்கு மில்லும் இ.எஸ்.ஐ.யும் ஒன்றோடொன்று பின்னியவை. தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம் 1952-ல் கான்பூரிலும் தில்லியிலும் ஆரம்பித்தது. தமிழ்நாட்டில் அது முதலில் வந்த ஊர் கோயம்புத்தூர், 1955 ஜனவரியில். மில் இருந்ததால்தான் வந்தது.

நான் வயிற்றில் இருந்தபோது அம்மாவுக்கும் இதே சந்தேகம் வந்ததாம். வயதான ஒரு நர்ஸம்மா வெள்ளைத் துணியை மடித்து வைக்கச் சொல்லி, ஒரு மணி நேரம் நடக்கவிட்டு, பிறகு அந்தத் துணியை எடுத்து மோந்து பார்த்து, "இது ஒண்ணுக்குத்தான் அம்மிணி, பயப்படாத" என்று சொன்னாராம். சொன்னது சரியாகவும் இருந்தது. அந்த அனுபவத்தில்தான் 2011-ல் அம்மா என் மனைவியிடம் அப்படிச் சொன்னார். அவருக்குத் தெரிந்த ஒரே கேஸ் அவருடைய சொந்தக் கேஸ். அது ஃபால்ஸ் அலாரம்.

சிறுநீரில் அமோனியா வாடை வரும், பனிநீரில் வராது. நல்ல மூக்கு இருந்தால் ஓரளவு சொல்லலாம். ஆனால் மூக்கை ஏட்டில் எழுதி வைக்க முடியாது, அடுத்த ஷிப்ட் நர்ஸிடம் ஒப்படைக்கவும் முடியாது. வேதியியல் உள்ளே வந்தது அதற்காகத்தான்.

மஞ்சளிலிருந்து நீலம்

யோனியின் ஈரம் இயல்பாகவே அமிலம். பி.எச். சுமார் 3.8-லிருந்து 4.5 வரை. அங்கே வாழும் லாக்டோபாசில்லஸ் கிருமிகள் லாக்டிக் அமிலம் சுரந்து அப்படி வைத்திருக்கின்றன. நம் வீட்டுத் தயிர் புளிப்பதும் இதே குடும்பத்துக் கிருமிகளால்தான். பனிநீரோ லேசான காரம், 7.1-லிருந்து 7.3. ஆகவே ஒரு நிறங்காட்டிக் காகிதம் போதுமே என்று சிலருக்குத் தோன்றியது.

1938-ல் பாப்டிஸ்டி என்பவர், பனிக்குடம் உடைந்ததைக் கண்டறிய ஒரு வேதிச் சோதனை என்று அமெரிக்க மகப்பேறு இதழில் எழுதினார். 1940-ல் அதே இதழில் ஏப் என்பவர் நைட்ராசின் என்ற சாயத்தை வைத்துச் செய்ததை எழுதினார். அமிலத்தில் மஞ்சள். பி.எச். ஆறு, ஆறரையைத் தாண்டினால் நீலம். என் மனைவிக்கு 2011-ல் டியூட்டி டாக்டர் தொட்டுப் பார்த்ததும் இதுதான். எழுபது வருடத்துக்கு மேல் ஒரு சோதனை மாறாமல் நின்றிருக்கிறது. சாப்ட்வேரில் பத்து வருடம் நின்றாலே தாத்தா கணக்கு.

நம் பக்கமும் ஒரு வார்த்தை. அதே 1938-ல்தான் சென்னையில் ஏ. லட்சுமணசாமி முதலியாரின் மகப்பேறு மருத்துவப் பாடப்புத்தகம் முதல் பதிப்பு வந்தது. இன்றைக்கும் மாணவர்கள் 'முதலியார் மேனன்' என்று கையில் வைத்திருக்கிற புத்தகம். அதன் பின்னால் நின்றது 1844-ல் தொடங்கிய எழும்பூர் மகப்பேறு ஆஸ்பத்திரியின் அனுபவம். வெளிநாட்டில் ஒரு சோதனை எழுதப்பட்டால் அது திருச்சி ரோட்டில் ஒரு ராத்திரி டியூட்டி டாக்டரின் கை வரை வந்து சேர்வது இப்படிப்பட்ட பாடப்புத்தகங்கள் வழியாகத்தான்.

காகிதத்தின் குறை என்ன? அது பனிநீரைக் கண்டுபிடிப்பதில்லை. காரத்தைக் கண்டுபிடிக்கிறது. ரத்தம் கலந்தாலும் நீலம். விந்து இருந்தாலும் நீலம். சோப்பு, சில கிருமிநாசினிகள், சில தொற்றுகள் எல்லாமே நீலம். சில சமயம் சிறுநீரே காரமாக இருக்கும். எதிர்ப்பக்கம், கசிவு நின்று நேரமாகிவிட்டால் உடைந்திருந்தாலும் மஞ்சளாகவே இருக்கும். எங்களுக்கு வந்த அந்தப் பச்சை, இந்த ரெண்டுக்கும் நடுவில் எங்கோ.

பெரணி இலை

அடுத்தது அழகான சோதனை. 1940-களில் பாப்பனிகோலா, கருப்பை வாய்ச் சளியைக் கண்ணாடித் தகட்டில் காயவைத்தால் அது பெரணி இலை போலப் படிகமாகிறது என்று காட்டினார். பாப் ஸ்மியர் என்று புற்றுநோய் பரிசோதனை செய்கிறார்களே, அந்தப் பாப் இவர்தான். பனிநீரையும் தகட்டில் பூசி, பத்து நிமிடம் காயவிட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் அதே மாதிரி மெல்லிய கிளைகள் விரியும். உப்பும் புரதமும் சேர்ந்து காய்கிறபோது போடுகிற கோலம். 1950, 60-களில் இது பிரசவ வார்டுச் சோதனையாகப் பரவியது.

ஆனால் மேலே சொன்னதைக் கவனியுங்கள். பெரணி முதலில் கண்டது கருப்பை வாய்ச் சளியில். ஆக, சளி எடுத்தாலும் பெரணி வரும். அனுபவம் உள்ள கண், சளியின் இலை தடிமன், பனிநீரின் இலை மெல்லிசு என்று பிரித்துவிடும். ராத்திரி ரெண்டு மணிக்கு, மைக்ரோஸ்கோப் லேபில் பூட்டிக் கிடக்கிற ஊரில், அந்தக் கண்ணை எங்கே தேடுவது?

ஆரஞ்சு செல், நீலப் பஞ்சு

1965-ல் பிராசன்ஸ், கார்டன் என்ற இருவர் வேறு பாதை எடுத்தார்கள். குழந்தையின் தோலிலிருந்து உதிரும் கொழுப்புச் செல்களை நைல் புளூ சல்பேட் என்ற சாயம் ஆரஞ்சு நிறமாக்கும். ஆரஞ்சு செல் தெரிந்தால் அது குழந்தையைச் சுற்றிய நீரேதான். இதில்தான் முதன்முறையாக, குழந்தைக்கு மட்டுமே சொந்தமான ஒன்றைத் தேடினார்கள். ஆனால் அந்தச் செல்கள் மாதம் நிறையும்போதுதான் நிறைய உதிர்கின்றன. 32 வாரத்துக்கு முன்னால் அபூர்வம். பதில் மிக அவசரமாக வேண்டிய வாரங்களில் சோதனை கைவிட்டுவிடும்.

இன்னொரு முறை, சந்தேகமே மிச்சமில்லாதது. வயிற்றின் வழியாக ஊசியால் பனிக்குடத்துக்குள் நீலச் சாயம் செலுத்தி, கீழே ஒரு பஞ்சை வைத்துக் காத்திருப்பது. பஞ்சு நீலமானால் கிழிசல் உறுதி. முதலில் மெத்திலீன் புளூ பயன்படுத்தினார்கள். அது குழந்தையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கிறது, குடல் அடைப்போடு பிள்ளைகள் பிறக்கின்றன என்று பிறகு தெரிந்து, இண்டிகோ கார்மைனுக்கு மாறினார்கள். எப்படியானாலும் உடையாத பையில் ஊசி குத்தித்தான் அது உடையவில்லை என்று நிரூபிக்க வேண்டும். அதனால் பெரிய இடங்களில், மிகவும் குழப்பமான கேஸ்களுக்கு மட்டும் என்று ஒதுங்கிவிட்டது.

நஞ்சுக்கொடியைத் துருவியவர்கள்

இங்கேதான் உயிர்வேதியியல் குறிகாட்டிகள், அதாவது பயோகெமிக்கல் மார்க்கர்கள், கதைக்குள் வருகின்றன. இந்தப் பகுதியைப் படிக்கும்போது ஒரு விஷயம் எனக்கு வியப்பாக இருந்தது. இவற்றைக் கண்டுபிடித்தவர்கள் பனிக்குடம் உடைவதைப் பற்றி யோசித்துக்கொண்டு இருக்கவில்லை.

ஜெர்மனியின் மார்பர்க் நகரில் ஹான்ஸ் போன் என்ற விஞ்ஞானி நஞ்சுக்கொடியில் உள்ள புரதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து நம்பர் போட்டு அடுக்கிக்கொண்டிருந்தார். அதில் பன்னிரண்டாவது, பி.பி.12. 1980-ல் அறிவித்தார். அது எதற்கு என்று அப்போது தெரியாது. ஃபின்லாந்தில் ஹெல்சிங்கியைச் சேர்ந்த ரூட்டனென், செப்பாலா குழுவினர் அதைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். அது உண்மையில் கருப்பையின் உள்படலத்தில் சுரக்கிறது, இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணியைப் பிடித்து வைக்கும் புரதம் என்று 1980-களின் நடுவில் தெளிவாயிற்று. பெயரும் ஐ.ஜி.எஃப்.பி.பி.-1 என்று மாறியது. முக்கியமான விஷயம், தாயின் ரத்தத்தில் இருப்பதைப் போல நூறு மடங்குக்கு மேல் அது பனிநீரில் இருக்கிறது. அப்படியானால் கீழே அது தென்பட்டால் பனிநீர் வந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?

சோவியத் ரஷ்யாவில் பெட்ரூனின் 1975-ல் பனிநீரிலிருந்து இன்னொரு புரதத்தைப் பிரித்தார். இன்று அதற்கு பி.ஏ.எம்.ஜி.-1 என்று பெயர். இதன் எண்கள் இன்னும் கவர்ச்சி. ஒரு மில்லிலிட்டர் பனிநீரில் 2,000-லிருந்து 25,000 நானோகிராம் வரை. தாயின் ரத்தத்தில் 5-லிருந்து 25. யோனி ஈரத்தில் ஒரு நானோகிராமில் கால் பங்குகூட இல்லை. இரைச்சலுக்கும் சிக்னலுக்கும் நடுவே இவ்வளவு பெரிய இடைவெளி கிடைத்தால் எந்த இன்ஜினியரும் எச்சில் ஊறுவான். கோட்டை எங்கே வேண்டுமானாலும் போடலாம். அவர்கள் 5 நானோகிராமில் போட்டார்கள்.

ஆனால் புரதம் கண்டதற்கும் படுக்கையோரச் சோதனை வந்ததற்கும் நடுவே ரெண்டு படி தேவைப்பட்டது. ஒன்று, ஒரே ஒரு புரதத்தை மட்டும் பிடிக்கும் மோனோகுளோனல் ஆன்டிபாடி. கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டீனும் 1975-ல் செய்து காட்டியது, 1984-ல் நோபல் வாங்கியது. இன்னொன்று, அந்த ஆன்டிபாடியைக் காகிதப் பட்டையில் பதித்துக் கோடு விழச் செய்யும் தொழில்நுட்பம். 1988-ல் வந்த ஒரே படி கர்ப்பப் பரிசோதனைப் பட்டை அதைக் கடைக்குக் கடை கொண்டுபோனது. கொரோனா காலத்தில் நாமெல்லாம் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தோமே, அந்த ரெண்டு கோட்டு விளையாட்டும் இதே குடும்பம்.

1996-ல் ரூட்டனென் குழு ஐ.ஜி.எஃப்.பி.பி.-1 பட்டையைச் சோதித்து எழுதியது. ஆக்டிம் ப்ராம் என்று சந்தைக்கு வந்தது. 2005-ல் பி.ஏ.எம்.ஜி.-1 பட்டையான ஆம்னிஷ்யூர் பற்றிய ஆய்வு, உடைந்தவர்களில் 99 சதவீதத்தைச் சரியாகப் பிடித்தது என்றது. ஸ்பெக்குலம்கூட வேண்டாம், பஞ்சுக் குச்சி போதும், சில நிமிடத்தில் கோடு.

கேட்டால் கதை சுபமாக முடிந்த மாதிரி இருக்கிறது. ஆனால் ஒரு கிட்டின் விலை நம் ஊர்ச் சின்ன ஆஸ்பத்திரிக்குக் கட்டுப்படியாகாது. நைட்ராசின் காகிதம் ஒரு சுருள் வாங்கினால் மாதக்கணக்கில் வரும். கிட், ஒரு ஆளுக்கு ஒன்று, அதற்கும் எக்ஸ்பயரி தேதி.

கிரியாட்டினின்: ஏழைக்கேற்ற மார்க்கர்

இங்கே நம் மாநிலம் உள்ளே வருகிறது. சென்னை டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில், நம் அரசு மருத்துவக் கல்லூரிகளில் மகப்பேறு மேற்படிப்பு படித்தவர்களின் ஆய்வேடுகள் கிடைக்கின்றன. சும்மா தேடினேன். யோனித் திரவத்தில் யூரியா, கிரியாட்டினின் பார்த்துப் பனிக்குடம் உடைந்ததைக் கண்டுபிடிக்கலாமா என்ற தலைப்பில் ஒன்றல்ல, பல.

ஏன் கிரியாட்டினின்? கர்ப்பத்தின் ரெண்டாம் பாதியில் பனிநீரின் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர்தான். சிறுநீரகம் வெளியேற்றும் கழிவுகளில் கிரியாட்டினின் ஒன்று. ஆகவே பனிநீரில் அது இருக்கும், சாதாரண யோனி ஈரத்தில் ஏறக்குறைய இருக்காது. இதை அளக்கும் முறையோ 1886-ல் மாக்ஸ் யாஃபே கண்ட ஆரஞ்சு நிற வினை. தாலுகா ஆஸ்பத்திரி லேபில்கூட தினமும் கிட்னி டெஸ்ட்டுக்கு ஓடுகிற அதே ரீஏஜென்ட். புது மெஷின் வேண்டாம், இறக்குமதி வேண்டாம். தைவானில் லீ, சாங் 2000-ல் இதை எழுதினார்கள். துருக்கியில் 2004-ல் குர்புஸ், 2007-ல் கஃபாலி குழுவினர். அதன் பிறகு இந்தியாவில் அலை அலையாக.

செய்முறை எளிது. ஐந்து மில்லி சலைனை உள்ளே விட்டு, திரும்ப உறிஞ்சி, லேபுக்கு அனுப்பு. துருக்கி ஆய்வுகள் ரெண்டுமே நூற்றுக்கு நூறு மார்க் போட்டன.

நூற்றுக்கு நூறு என்று எந்த ரிப்போர்ட் வந்தாலும் டெஸ்ட் கேஸைப் பார்ப்பது என் தொழில் புத்தி. பார்த்தேன். ரெண்டு விஷயம் கண்ணில் பட்டது.

ஒன்று, கோடு. குர்புஸ் போட்ட கோடு டெசிலிட்டருக்கு 0.12 மில்லிகிராம். கஃபாலி போட்டது 0.6. ஐந்து மடங்கு வித்தியாசம், ரெண்டுமே நூறு சதவீதம். எவ்வளவு சலைன் விட்டோம், எவ்வளவு திரும்பி வந்தது, எந்த வாரம் என்பதைப் பொறுத்து எண் மாறிவிடும். ஒரு ஊரின் கோட்டை இன்னொரு ஊர் கடன் வாங்க முடியாது. நம் மாணவர்களின் ஆய்வேடுகளை இந்தக் கோணத்தில் பார்த்தால், திரும்பத் திரும்ப ஒரே தலைப்பா என்று சலிப்பு வருவதில்லை. ஒவ்வொரு லேபும் தன் கோட்டைத் தானே போட்டுப் பார்க்க வேண்டிய நிலைமை அது.

ரெண்டாவது, இதைத்தான் நான் நோட்டில் கட்டம் கட்டி எழுதி வைத்தேன். இந்தச் சோதனை தேடுவது குழந்தையின் சிறுநீர்க் கழிவை. ஆனால் எங்கள் சந்தேகமே, வந்தது அம்மாவின் சிறுநீரா என்பது! பெரியவர்களின் சிறுநீரில் கிரியாட்டினின் டெசிலிட்டருக்கு சுமார் நூறு மில்லிகிராம் என்று வையுங்கள். ஒரு சொட்டு, அதாவது 0.05 மில்லி, அந்த ஐந்து மில்லி சலைனில் கலந்தால் நூறில் ஒரு பங்கு. எண் 1 மில்லிகிராம். ரெண்டு கோட்டையும் தாண்டிவிட்டது. ஒரே ஒரு சொட்டு. அதனால் ஸ்பெக்குலம் வைத்து, கண்ணால் பார்த்து, கவனமாக எடுத்தால்தான் இது சோதனை. இல்லையென்றால் மூக்கே மேல்.

இன்னும் ஒன்று. பல ஆய்வுகளில் ஒரு பக்கம் தண்ணீர் கண்ணுக்குத் தெரியக் கொட்டியவர்கள், இன்னொரு பக்கம் புகாரே இல்லாதவர்கள். நடுவில் சந்தேகக் கேஸ்கள் கொஞ்சம். முதல் ரெண்டு கூட்டத்தைப் பிரிக்க லேப் எதற்கு? என் மனைவி மாதிரி நடுவில் நின்றவர்களிடம் எந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்பதுதான் உண்மையான பரீட்சை. காகிதம், பெரணி, கிட், கிரியாட்டினின் எல்லாமே தெளிவான கேஸில் மார்க் வாங்குகின்றன, குழப்பமான கேஸில் கொஞ்சம் தடுமாறுகின்றன.

2018 ஆகஸ்ட்

விலை உயர்ந்த கிட்டுகளுக்கும் அந்தப் பரீட்சை வந்தது. 2018 ஆகஸ்டில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. டாக்டர்களுக்கு ஒரு கடிதம் எழுதியது. பனிக்குடச் சோதனைக் கிட்டுகளின் முடிவை மட்டும் நம்பி முடிவெடுத்த இடங்களில் தொற்றும், கருவிலேயே சிசு இறந்ததும் நடந்ததாகப் புகார்கள் வந்திருக்கின்றன. இவை துணைச் சோதனைகள்தான், நோயாளியை முழுதாகப் பார்த்து, மற்றவற்றோடு சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்றது.

1938-லிருந்து எண்பது வருடம். மார்க்கர் தப்பில்லை. பட்டையில் கோடு விழுந்ததும் மற்ற எல்லாவற்றையும் பார்க்காமல் விட்டதுதான் தப்பு.

இதைச் சரியாகக் கண்டுபிடிப்பதற்கு இப்போது மதிப்பு கூடிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 1972-ல் நியூசிலாந்தில் லிக்கின்ஸும் ஹவியும், குறைமாதத்தில் பிறக்கப்போகும் குழந்தையின் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முதிர்கிறது என்று காட்டினார்கள். இந்தியாவில் 2014-ல் மத்திய சுகாதாரத் துறை, கிராமச் சுகாதாரச் செவிலியரே முதல் டெக்சாமெத்தசோன் ஊசியைப் போட்டு மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்று வழிகாட்டுதல் கொடுத்தது. அந்த ஊசி முழுதாக வேலை செய்ய ஒன்றிரண்டு நாள் வேண்டும். ஆக, எங்களுடைய முப்பத்தோரு மணி நேரம் என்பது கிட்டத்தட்ட ஒரு ஊசி வேலை செய்யும் நேரம்.

அவள் கேட்டதற்கு

இவ்வளவும் படித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை உட்காரவைத்துச் சொன்னேன். பொய் சொல்லவில்லை.

அன்றைக்கு ராத்திரியே போயிருந்தால் தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம். கசிவு புதிதாக இருக்கும்போதுதான் காகிதமும் பெரணியும் நன்றாகச் சொல்லும். ஸ்பெக்குலத்தில் தண்ணீர் தேங்கி நிற்பதும் தெரியும். நேரம் போகப்போக அதெல்லாம் மங்கிவிடும். நாங்கள் போன எட்டு மணிக்கு அது மங்கிய பச்சை.

ஆனால் அவளாகத் தெரிந்துகொண்டிருக்க முடியுமா என்றால், முடியாது. மார்பர்க், ஹெல்சிங்கி, மாஸ்கோ எல்லாம் சேர்ந்து எண்பது வருடம் மோதிய கேள்வி அது. படுக்கையில் தூக்கக் கலக்கத்தில் ஒரு பெண் சொல்லிவிட முடியாது. அம்மாவும் சொல்லியிருக்க முடியாது. அந்த டியூட்டி டாக்டருக்கும் கையில் ஒரு காகிதத் துண்டுதான் இருந்தது. செய்திருக்க வேண்டிய ஒன்றே ஒன்று, தெரியவில்லை என்றபோது காலை வரை காத்திருக்காமல், அடுத்த சோதனை இருக்கிற இடத்துக்குப் போயிருக்க வேண்டும். என் கையில் கார் இருந்தது. அதை நான்தான் செய்திருக்க வேண்டும்.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அத்தைகிட்டயும் இதைச் சொல்லிருங்க. அவங்களும் மனசுல வெச்சுட்டுத்தான் இருக்காங்க" என்றாள். எனக்கு இது தெரியவே தெரியாது. அம்மாவிடம் சொன்னேன். "நான் என் கேஸ நெனச்சுச் சொல்லிப்போட்டேன் சாமி" என்றார்.

படிக்கிறவர்களுக்கு நடைமுறையாக ஒரே ஒரு வரி: வயிற்றில் பிள்ளை இருக்கும்போது காரணம் தெரியாத ஈரம் என்றால், சுத்தமான ஒரு வெள்ளைப் பேடு வைத்துக்கொண்டு, எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று குறித்துக்கொண்டு, அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள். சிறுநீராக இருந்தால் நஷ்டம் ஒரு ஆட்டோ சத்தம்தான்.

உங்கள் வீட்டு அமுச்சிமார்கள், ஊர் மருத்துவச்சிகள் இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டிருந்தால் எழுதி அனுப்புங்கள். துணியும் மூக்கும் பற்றி அம்மா சொன்ன ஒரு கதைதான் என்னிடம் இருக்கிறது. வேறு வழிகளும் இருந்திருக்கும். அவற்றையும் இந்த நோட்டில் சேர்த்து வைக்க ஆசை.